கமிஷன் மட்டும் இங்கிலீஷா?

திருச்சியில் மெயின்கார்டு கேட் முதல் சமயபுரம் வரை சலித்தெடுத்தாலும் எங்கள் காட்டூர் 'முதல்லயே' சார் போல ஒரு வியாபாரி கிடைக்கமாட்டார். பொருளை விற்பதற்கு முன் அதை ஏன் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிற உலகின் ஒரே மனிதர் அவர்.

எங்கள் மாடி வீட்டில் குடியிருந்தார். திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. லீவு நாளில் மிக்ஸி, குக்கர், ஃபேன் என்று வாங்கிப் பிரித்துப் பார்த்து வீடியோ போடுவார். கீழே ஒரு லிங்க் இருக்கும். அதைத் தொட்டு யாராவது வாங்கினால் அவருக்குக் கமிஷன். மற்றவர்கள் வணக்கத்தில் ஆரம்பிப்பார்கள். இவரோ, "முதல்லயே சொல்லிடுறேங்க, இதுல வாங்கினா எனக்குக் காசு வரும். பக்கத்துக் கடையில விலை கம்மின்னா அங்கயே வாங்கிக்குங்க" என்பார். வணக்கம் அப்புறம்தான். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கூரியர்காரரே "முதல்லயே சார் வீடு எது?" என்றுதான் கேட்பார்.

வீடியோவோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு வெளியூர் அம்மா, பூ எங்கே வாங்கலாம் என்று கேட்டார். கோபுர வாசலில் ஒரு கடையைக் காட்டினார் இவர். "பூ நல்லா இருக்கும்மா. முதல்லயே சொல்லிடுறேன், அங்க என் செருப்பை ஓசியில பாத்துக்குறாங்க." அந்த அம்மா பயந்துபோய்ப் பூவே வாங்காமல் உள்ளே போய்விட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாரைப் புகழ்ந்தவர், சமையல்காரர் தனக்கு ஒரு ஜாங்கிரி அதிகம் வைத்ததையும் அதே மூச்சில் பந்திக்கே அறிவித்தார்.

எனக்கு வேலை போயிருந்த சமயம். என் சமையல் வீடியோக்கள்தான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தன. ஒரு கம்பெனி இலவசமாகக் கிரைண்டர் அனுப்பியது. என் லிங்க்கில் விற்றால் கமிஷன், நன்றாக விற்றால் வருஷம் முழுக்க ஒப்பந்தம். இரண்டே முறை மாவு அரைத்துவிட்டு வானளாவப் புகழ்ந்தேன். ஓசியில் வந்தது, கமிஷன் உண்டு என்கிற விஷயத்தை விதிப்படி சொல்லியாக வேண்டுமே என்று வீடியோவுக்குக் கீழே, எல்லாவற்றுக்கும் கடைசியில், இங்கிலீஷில் ஒரு வரி போட்டு வைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

"கமிஷன் விஷயத்தைத் தேடினேம்மா. அடியில கெடச்சிருச்சு" என்றார்.

"அதான் போட்டிருக்கேனே அண்ணே."

"போடலைம்மா, ஒளிச்சு வெச்சிருக்கீங்க. உளுந்து ஊறப்போடுறதைத் தமிழ்ல சொல்றீங்க. உப்பு போடுறதைத் தமிழ்ல சொல்றீங்க. கமிஷன் மட்டும் இங்கிலீஷா?"

"வாயால சொன்னா யாருண்ணே வாங்குவா? கம்பெனிக்காரங்க ஒப்பந்தம் தரமாட்டாங்க."

"தரமாட்டாங்கதான்" என்றார். ஆறுதல் சொல்வது அவருக்குக் கைவராத கலை.

முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். ஆனால் அந்தக் கேள்வி மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய வீடியோவை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். "முதல்லயே சொல்லிடுறேங்க, இது ஓசியில வந்த கிரைண்டர். நீங்க வாங்கினா எனக்குக் கமிஷன் உண்டு. ரெண்டு தடவைதான் அரைச்சிருக்கேன், விசாரிச்சுட்டு வாங்குங்க." கம்பெனி அதோடு என் நம்பரையே மறந்துவிட்டது. அவரைத் திட்டாத நாளில்லை.

சில மாதங்களில் அந்தக் கிரைண்டர் வீட்டுக்கு வீடு புகைய ஆரம்பித்தது. அதைப் புகழ்ந்த சேனல்களை ஜனங்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். என் வீடியோவுக்குக் கீழே முசிறியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார்: "அக்கா, நீங்க சொன்னதாலதான் விசாரிச்சேன், வாங்கல. இனி நீங்க ஒண்ணு நல்லாருக்குன்னா நம்பி வாங்குவேன்." படித்துவிட்டு அழுதேன். இன்றைக்கு என் வீட்டில் அடுப்பு எரிவது அப்படி நம்புகிறவர்களால்தான். அந்த நம்பிக்கையை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர் அவர்.

போன வருஷம் மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். வீடு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கிழக்கு அறை ஒழுகும் என்று அவரே சொல்லிவிட்டுப் போனதால் மாடி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் போட்டதற்கு நிச்சயம் போன் போட்டுத் திட்டுவார், திட்டட்டும். இதுவரை நான் எழுதியதை விசாரித்துவிட்டு நம்புங்கள். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.