கனிஷாயின் இடுப்புப் பட்டியும் நானும்

நாரின்,
மே 14

மதிப்பும் பாசமும் நிறைந்த உருல்கான் அக்காவுக்கு,

தம்பி எசென்பெக் எழுதுவது. இங்கே நானும் குல்ஸிராவும் குழந்தையும் ஆடுகளும் நலம். பிஷ்கெக்கில் நீயும் அத்தானும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நான் பள்ளியில் தலைகுனிந்த கதை வேறு யார் வாயிலாவது உன் காதுக்கு வருமுன் நானே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் சால்கின் என்ற டாக்டரம்மா எங்கள் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்று அளக்கிறாராம். தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார்; பட்டியில் கோத்து ஏழு நாள் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், குளிக்கவும் தூங்கவும் மட்டும் கழற்றலாம். எங்கள் கனிஷாய்க்கும் ஒன்று கட்டினார்கள். ஒன்பது வயதுப் பெண், சாயங்காலம் நான் பார்க்கும்போதெல்லாம் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருப்பாள். உடற்பயிற்சி ஆசிரியர் மகளே கடைசியில் வந்தால் நான் எந்த முகத்தோடு விசில் ஊதுவது? அதனால் தினமும் நாலு மணிக்கு, "குடும்மா, அப்பா துடைச்சுத் தரேன்" என்று வாங்கி என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். மலையடிவாரம்வரை ஓடிவிட்டு வருவதாகத் திட்டம். முதல் நாள் பக்கத்து வீட்டில் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். மறுநாள் ஒரு விருந்து. ஆட்டிறைச்சியை வேண்டாமென்று சொல்ல முடியுமா? அதற்கடுத்த நாள் டிவியில் மல்யுத்தம், உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு வியர்த்துக் கொட்டியது, அது போதுமென்று நினைத்துவிட்டேன். மிச்ச நாட்களைப் பற்றி எழுத எதுவுமில்லை, தூங்கினேன்.

போன வாரம் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்கள். தலைமையாசிரியரும் இருந்தார். டாக்டரம்மா திரையில் கோடுகளைக் காட்டி, "நாலு மணி வரைக்கும் மான்குட்டி மாதிரி துள்ளுறா. அதுக்கப்புறம் அப்படியே சாஞ்சிடுறா. இந்த வயசுல இது சரியில்லை. இதயத்தைப் பாக்கணும், ரத்தமும் எடுக்கணும்" என்றார். குல்ஸிரா விசும்பத் தொடங்கினாள். நர்ஸ் ஊசியைப் பிரித்துவிட்டாள். கனிஷாய் என்னை ஒரு தரம் பார்த்தாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று பேசாமல் கையை நீட்டிவிட்டாள், அக்கா! அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"நிறுத்துங்க. நாலு மணிக்கு மேல சாஞ்சது நான்."

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"உடற்பயிற்சி ஆசிரியர்."

தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது. குல்ஸிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏங்க, இவளா சோம்பேறி? நீங்க குறட்டை விடுற வரைக்கும்தான் படம் வரைவா. அப்புறம் தெருவுல பந்து பின்னாடி ஓட ஆரம்பிச்சான்னா இருட்டினாத்தான் வீடு" என்றாள்.

"வீட்டுல ஆடினா அப்பா முழிச்சுக்குவாங்க" என்றாள் கனிஷாய்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியவில்லை. சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. பிரித்த ஊசி வீணாகக் கூடாதென்று என் கையில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் நானும் மகளும் ஆற்றுப் பாலம்வரை ஓடுகிறோம். பழைய எசென்பெக் திரும்பி வந்துவிட்டான். நீ பார்த்தால் அசந்துபோவாய்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் வாசலில் விருந்தாளியும் மேசையில் ரொட்டியும் குறையாதிருக்கட்டும்.

உன் தம்பி,
எசென்பெக்

பி.கு.: தபாலில் போடுமுன் கனிஷாய் இதைப் படித்துவிட்டாள். "பொய் எழுதாதீங்கப்பா" என்கிறாள். சரி. பாலம்வரை ஓடுவது அவள்தான். நான் பக்கத்து வீட்டுக் குதிரையில் கூடவே போகிறேன். குதிரை நன்றாக இளைத்துவிட்டது.