கோழி இல்லாமல் குஞ்சு

குஞ்சு பொரிக்கக் கோழி தேவையில்லை, மூளை இருந்தால் போதும் என்று கீழப்பழுவூர் இளையபெருமாள் முடிவு செய்தது ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. பெரிய முடிவுகளை அவர் வெள்ளிக்கிழமையில்தான் எடுப்பார். அவை கெட்டுப்போவதற்கு மறுவாரம் முழுக்க மிச்சம் இருக்கும்.

அன்று காலை அரியலூரில் விவசாயக் கண்காட்சி. அங்கே ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். பெட்டிக்குள் முட்டை, பெட்டிக்கு அடியில் விளக்கு, பெட்டிக்கு வெளியே குஞ்சு. கோழி எங்கேயும் இல்லை. இதற்குப் பெயர் இன்குபேட்டர் என்று சொன்னார்கள். ஊர் திரும்புவதற்குள் அந்தப் பெயரை நாற்பது தடவை சொல்லிப் பழகிக்கொண்டார். நாற்பத்தோராவது தடவை மனைவி செங்கமலத்திடம் சொன்னார். அவள் மோர் வேண்டுமா என்று கேட்டாள்.

மறுநாளே வேலை தொடங்கியது. மண்ணெண்ணெய் டின் வந்த பழைய பலகைப் பெட்டி ஒன்று, சுற்றிலும் உமி, அடியில் தகரம், தகரத்துக்குக் கீழே வீட்டிலிருந்த ஒரே அரிக்கேன் விளக்கு. யுத்த காலம் அது. மண்ணெண்ணெய் ரேஷன் கார்டுக்கு அளந்துதான் கிடைக்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு வீட்டில் எல்லோரும் பொழுதோடு சாப்பிட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். எல்லோரும் என்றால் அவரும் அவளும்தான்.

அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்திருந்த அமாவாசை, மேய விட்டதற்கு நன்றியாக இருபது முட்டை கொடுத்துவிட்டுப் போனான். பத்தை இளையபெருமாள் பெட்டியில் அடுக்கினார். மீதிப் பத்தை செங்கமலம் எடுத்துக்கொண்டாள். அவளிடம் கறுப்பி என்றொரு கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. கூடையில் வைக்கோல் பரப்பி, இடி இடித்தால் முட்டை கூழாகிவிடாமல் இருக்க ஒரு கரித்துண்டு, ஒரு இரும்பு ஆணி, ஒரு காய்ந்த மிளகாய் எல்லாம் போட்டு, வாத்து முட்டைகளைக் கோழிக்குக் கீழே வைத்தாள்.

இளையபெருமாள் விழுந்து விழுந்து சிரித்தார். மிளகாய் எதற்கு, குழம்பு வைக்கவா என்று கேட்டார். செங்கமலம் கோபித்துக்கொள்ளவில்லை. கூடையை மூடிவிட்டு, பங்குனி பிறக்கப்போகிறது, திருமழபாடிக் கோயிலில் நந்தி கல்யாணம் வருகிறது, இந்த வருஷமாவது அண்ணன் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள்.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே நந்தி கல்யாணத்துக்குப் போனவர், கொள்ளிடத்தை நீந்தியே கடப்பேன் என்று மாமனார் ஊர் மொத்தத்துக்கும் முன்னால் சவால் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். கையைக் காலை அடித்தார். ஐயோ, மூழ்கிப் போகிறேன் என்று கத்தினார். மச்சான் வைரக்கண்ணு கரையில் நின்றபடியே, ‘எந்திரிச்சு நில்லுங்க மாப்புள்ள’ என்றான். எழுந்து நின்றார். பங்குனி மாதத்துக் கொள்ளிடம், தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. இன்றைக்கும் திருமழபாடியில் அவர் பெயரைச் சொன்னால் குழந்தைகூட எழுந்து நிற்குமாம்.

ஆகவே இளையபெருமாள் ஒரு பந்தயம் கட்டினார்.

‘எம் பொட்டியிலதான் அதிகம் பொரிக்கும். பொரிச்சா, திருமழபாடின்னு இந்த வூட்ல பேச்சே எடுக்கப்படாது.’

‘கறுப்பி அதிகம் பொரிச்சுட்டா?’

‘பத்து நாள் உங்கண்ணன் வூட்ல வந்து தங்குறேன்.’

‘சரிங்க’ என்றாள் செங்கமலம். இவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்று சொன்னபோதே அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிற பழக்கம் அவருக்கு மறுநாள்தான் வரும்.

பெட்டியின் அருகே பெண்பிள்ளைகள் வரக் கூடாது, மூடியைத் தொடக் கூடாது, விளக்கைப் பார்க்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரே தினம் மூன்று தடவை முட்டைகளைப் புரட்டினார், தண்ணீர் தெளித்தார். சூடு சரியா என்று ஒவ்வொரு முட்டையையும் எடுத்து மூடிய கண் இமைமேல் வைத்துப் பார்த்தார். வயலில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு இமை கிடைக்கவில்லை.

இருபதாம் நாள், திங்கட்கிழமை, விளக்குத் திரி வாங்க அரியலூர் போனார். திரி வாங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. இன்குபேட்டரைப் பற்றிக் காப்பிக் கடையில் விளக்கச் சாயங்காலம் ஆயிற்று. திரும்பும்போது, பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடுகிற கரிவாயு பஸ் வழியிலேயே உட்கார்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தால், எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்து கிடக்கிறது. முட்டையை இமையில் வைத்தார். மண்பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

விளக்கு எப்போது அணைந்தது என்று கேட்டதற்கு, நேற்று ராத்திரியே அணைந்துவிட்டது, பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் பார்த்துவிட்டேன், தொடத்தான் இல்லை என்றாள் செங்கமலம்.

‘பரவால்ல. முட்டைக்குக் கொஞ்சம் காத்தாடட்டும்னுதான் விட்டேன்’ என்றார். விளக்கை மறுபடி ஏற்றினார். அவள் அந்தப் பக்கம் போனதும், கூடத்தில் கிடந்த துருப்பிடித்த ஆணி ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். யோசித்துவிட்டு ஒரு மிளகாயும் போட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கண்ணை மூடினால் கொள்ளிடம். கண்ணைத் திறந்தால் வைரக்கண்ணு. பத்து நாள் அந்த ஊர்த் தெருவில் நடப்பதைவிட நிஜமாகவே முழங்கால் தண்ணீரில் மூழ்கிப் போகலாம் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை செங்கமலம் ஆலந்துறையார் கோயிலுக்குக் கிளம்பினாள். அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் இளையபெருமாள் பெட்டியைத் திறந்தார். பத்து முட்டையையும் துண்டில் கட்டினார். கூடைக்குப் போய்க் கறுப்பியின் அடியில் கையை விட்டார். கறுப்பி அவர் புறங்கையில் மூன்று கொத்துக் கொத்தியது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், கத்த முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கோழியின் முட்டைகளைப் பெட்டிக்கும், பெட்டியின் முட்டைகளைக் கோழிக்கும் மாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவராக விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோயிலிலிருந்து வந்தவள் அவர் கையைப் பார்த்தாள்.

‘என்னங்க இது?’

‘முள்ளு. வேலியில பட்டுடுச்சு.’

‘மூணு எடத்துலயா?’

‘மூணு முள்ளு.’

அவள் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டாள். அப்புறம் ஒரு தபால் கார்டு எடுத்து, அண்ணனுக்கு எழுத உட்கார்ந்தாள். இப்போதே என்ன அவசரம் என்று அவர் கேட்டார். சும்மா நலம் விசாரிக்கத்தான் என்றாள்.

அதற்கப்புறம் இளையபெருமாள் தலை நிமிர்ந்து நடந்தார். குஞ்சுகளுக்குக் குளம் வெட்ட வாசலில் இடம் அளந்தார். பெண்டாட்டிக்கு ஆறுதலாக, தோற்பது ஒன்றும் கேவலமில்லை, கறுப்பியும் பாவம் தன்னால் முடிந்ததைச் செய்தது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்.

இருபத்தெட்டாம் நாள் விடியற்காலை கீச்கீச்சென்று சத்தம் கேட்டது. துள்ளி எழுந்து பெட்டிக்கு ஓடினார். பெட்டி சும்மா இருந்தது. சத்தம் கூடையிலிருந்து வந்தது. கறுப்பியின் இறக்கைக்கு அடியிலிருந்து மஞ்சள் மஞ்சளாக ஒன்பது வாத்துக் குஞ்சுகள் தலையை நீட்டின. பெட்டியில் ஒரு முட்டை மட்டும் டப்பென்று வெடித்தது. அந்த நாற்றத்தில் மிளகாய் வாசனைகூடத் தெரியவில்லை.

இளையபெருமாள் பெட்டியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். குளிர்ந்துபோன முட்டை குஞ்சாகிவிட்டது. உயிரோடு இருந்த முட்டை கூழாகிவிட்டது. இதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், எது எங்கே இருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

செங்கமலம் குருணை அரிசியை நனைத்துக் குஞ்சுகளுக்கு வைத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

‘போன புதன்கெழம நீங்க எரும குளிப்பாட்டப் போனப்ப, பொட்டி முட்டைய எடுத்துக் கூடையில வச்சுட்டு, கூடை முட்டைய பொட்டியில வச்சது நாந்தாங்க.’

இளையபெருமாள் விரல் விட்டு எண்ணினார். புதன்கிழமை அவள் மாற்றினாள். வெள்ளிக்கிழமை அவர் மாற்றினார். ஆக, செத்த முட்டைகளைத் தேடிப் பிடித்துத் தன் பெட்டிக்கே திரும்பக் கொண்டுவந்தவர் அவர்தான். கையில் மூன்று கொத்து வேறு வாங்கிக்கொண்டு.

அப்போது அவருக்கு வேறொன்று உறைத்தது. விளக்கு அணைந்தது தெரிந்தும், புருஷன் தலை குனியக் கூடாதென்று, தன் நல்ல முட்டைகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாளே. பிறந்த வீட்டுக்குப் போகிற ஆசையையும் விட்டுவிட்டு. கண் கலங்கிவிட்டது.

‘எனக்காகவா புள்ள?’ என்றார்.

செங்கமலம் அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். காயம் ஆறியிருந்தது.

‘அண்ணன் நாளைக்கு வண்டி கட்டிக்கிட்டு வருதுங்க. பன்னண்டு வருசமா உங்களோட குடும்பம் நடத்துறேன், நீங்க கூடையில கை வைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? வைக்காம இருந்திருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க.’