சத்தமில்லாத மோட்டார் குறித்து மாமனார் எழுதுவது

அன்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் பாய்மரப் படகிலிருந்த டீசல் இஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டாரை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டீர்கள். இது அநியாயம். இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க வேண்டும் என்றிருந்தேன், விசாரித்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் நலம், இஞ்சின் உட்பட. அது எங்கள் படுக்கையறையில், அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில், என் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நீங்கள் படித்தவர், லிஃப்ட் கம்பெனியில் மோட்டார்களோடு பழகுகிறவர். லிஃப்ட் நடுவில் நின்றால் மணியடிக்கலாம், ஆள் வருவான். கடலில் எந்த மணியை அடிப்பது? நான் எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை. அந்த இஞ்சினைப் பிரித்துப் பிரித்து மாட்டி, மிச்சமான திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, தானாகக் கற்றவன். அவ்வளவு திருகாணி மிச்சமாகியும் அது ஓடியது. அதுதான் இஞ்சின்.

முதல் நாள் படகுத்துறைக்குப் போய்ச் சாவியைத் திருப்பினேன். சத்தமில்லை, நடுக்கமில்லை, புகையில்லை. செத்துவிட்டது என்று நினைத்து வேகக் கைப்பிடியைக் கொஞ்சம் தள்ளினேன், அப்போதும் சத்தமில்லாததால் முழுக்கத் தள்ளினேன். டீசல் என்றால் இருமி, செருமி, யோசித்துப் பிறகுதான் கிளம்பும். மனிதன் சுதாரித்துக்கொள்ள அவகாசம் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. பின்பக்கக் கயிற்றை நான் இன்னும் அவிழ்க்கவே இல்லை, படகு புறப்பட்டுவிட்டது, துறையின் ஓரப்பலகை பெயர்ந்து எங்களோடு வந்துவிட்டது. பக்கத்துப் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர், "பெரியவரே, நாங்களும் நிக்கணும், துறையில பாதியையாவது விட்டுட்டுப் போங்க!" என்று கத்தினார். முன்பெல்லாம் இஞ்சின் சத்தத்தில் யார் கத்தினாலும் எனக்குக் கேட்காது. இப்போது கேட்கிறது. அது அடுத்த கொடுமை.

உங்கள் அத்தை முன்பு எப்போதாவது படகில் வந்தால் முன்பக்கம் உட்கார்ந்து ஏதோ சொல்வாள், நான் பின்பக்கம் நின்று தலையாட்டுவேன், நடுவில் இஞ்சின் பேசிக்கொண்டிருக்கும். குடும்பம் அமைதியாக நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது தினமும் வருகிறாள். போன வாரம் அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும், ஓய்வுபெற்ற பல் டாக்டர் தன் விசைப்படகில் எங்களை முந்தினார். முந்தினவர் சும்மா போகாமல் கையை வேறு ஆட்டினார். விடுவேனா? கைப்பிடியை முழுக்கத் தள்ளினேன். உங்கள் அத்தை சார்ஜ் மீட்டரைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"எழுவது... அறுவத்தஞ்சு... ஏங்க, அறுவது!"

"வாசிக்காத."

"வாசிக்கலன்னா கொறையாம நிக்குமா? அம்பத்தஞ்சு. பாதி வேகத்துல போனா எட்டுல ஒரு பங்கு கரண்டுதான் இழுக்கும்னு மாப்பிள்ள சொல்லிட்டுத்தான போனாரு?"

"அவரு கணக்கு எனக்கு வேணாம்."

"அப்ப நீந்தி வர்றதா உத்தேசமா? நாப்பத்தெட்டு."

கொள்கை என்று ஒன்று இருப்பதால் நான் குறைக்கவில்லை. இருபதுக்கு வந்தபோது கொள்கையைக் கொஞ்சம் தளர்த்தினேன். பிறகு காற்று வந்தது, மோட்டாரை அணைத்துப் பாயை ஏற்றினேன். படகு ஓடுகிற வேகத்தில் தண்ணீருக்கடியில் விசிறி தானாகச் சுற்றி, பேட்டரியில் மின்சாரம் ஏறுகிறதென்று உங்கள் அத்தைக்கு ஒரே பூரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. விசிறியைச் சுற்றவைத்துக்கொண்டு போனால் படகின் வேகம் குறைகிறதே! என் பாய் பிடித்த காற்றில் அது பங்கு எடுத்துக்கொள்கிறது. மாமனார் சொத்தில் பங்கு கேட்கிற மாப்பிள்ளைகூட வாயைத் திறந்து கேட்பான். பொதுவாகச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். வளைகுடாவுக்கு எதிர்க்கரையிலிருக்கும் என் தம்பியைப் பார்க்க, நானே படகோட்டி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நடுவில் காற்று நின்றால் இந்த பேட்டரி கரை சேர்க்குமா? உங்கள் மனைவி போனில், "அப்பா, பேசாம சுத்திக்கிட்டு பஸ்ல போயிடுங்க" என்கிறாள். எதிர்க்கரைக்குப் போகாத படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துடைத்து வைப்பதற்கு வீட்டில் பீரோ இருக்கிறது.

ஆகவே, மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை வந்து டீசல் இஞ்சினைத் திரும்ப மாட்ட வேண்டும், அவரிடம் சொல்லியாயிற்று. நீங்கள் வந்து உங்கள் மோட்டாரை உங்கள் கையாலேயே கழற்றிக்கொண்டு போக வேண்டும். என் மகள் பஸ் என்று சொன்னதை வாபஸ் வாங்க வேண்டும். உங்கள் அத்தை எண் வாசிப்பதை நிறுத்த வேண்டும்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையுமில்லாமல் நெடுங்காலம் வாழ்ந்து, நீங்களும் ஒரு நாள் மாமனாராகி, உங்களுக்கு வருகிற மாப்பிள்ளை உங்களுடைய எதையும் கழற்றாமல் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத மாமா

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். இந்த மோட்டாரோடேயே தம்பி ஊருக்குக் கிளம்பினேன். நடுக்கடலில் நின்றுபோய், அங்கிருந்து உங்களுக்குப் போன் போட்டு நிரூபிப்பது என் திட்டம். கூட வந்த உங்கள் அத்தையிடம் அதைச் சொல்லவில்லை. காற்று எனக்குத் துரோகம் செய்துவிட்டது. வழியெல்லாம் சீராக அடித்தது. இங்கே துறையிலிருந்து வெளியே வரவும் அங்கே உள்ளே நுழையவும்தான் மோட்டாருக்கு வேலை. பாதி வழியில் உங்கள் அத்தை, "டீசல் நாத்தம் கொமட்டுது, இனிமே வரமாட்டேன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்! நீங்க ஆமா ஆமான்னு தலையாட்டுவீங்க" என்றாள். நான் பாயைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

எதிர்க்கரையில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற தம்பிக்கு நாங்கள் வந்ததே தெரியவில்லை. ஆனால், "உங்க தம்பி டீயோட அனுப்பிடுவாரு பாருங்க" என்று இவள் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. திரும்பாமலே, "வாங்க அண்ணி, இன்னிக்கு சோறும் உண்டு" என்றான்.

வரும்போது காற்று நின்றுவிட்டது. நான் சொன்னேனா இல்லையா! பாதி வேகத்தில் ஊர்ந்து, கொஞ்சூண்டு சார்ஜ் மிச்சமிருக்கக் கரை சேர்ந்தோம். ஆகவே நான் சொன்னதும் சரி, நீங்கள் செய்ததும் தப்பில்லை.

மேலே எழுதியதில் மாற்றம்: மெக்கானிக் வர வேண்டும், ஆனால் இஞ்சினைப் படுக்கையறையிலிருந்து எடுத்துக்கொண்டு போக. காற்றில்லாத நாளில் பேட்டரியை நிரப்ப நீங்கள் சின்னதாக ஒரு டீசல் ஜெனரேட்டர் கொண்டுவர வேண்டும், இந்த முறை என்னைக் கேட்டுவிட்டு; கேளுங்கள், நான் மறுப்பேன், பிறகு வையுங்கள். அது ஓடும்போது நாற்றம் வராமல் புகைக்குழாயைப் பின்பக்கம் நீங்களே வைத்துத் தர வேண்டும். என் மகள் அவள் அம்மாவுக்கு வெயிலுக்கு ஒரு தொப்பி அனுப்ப வேண்டும். சுக்கானை உங்கள் அத்தை பிடிப்பாள், கேட்டுவிட்டாள். பாயைப் பார்த்துக்கொள்வதும், அவள் கேட்பதற்கெல்லாம் வாயைத் திறந்து பதில் சொல்வதும் நான்.