அம்மன் முகத்து எண்ணெய்

முந்தின நாள் மாலை சோதனைக்காகப் பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கரி நீக்கிய உள்ளங்கை அகலச் சுவர், காலையில் கல்பனா வந்து பார்த்தபோது மறுபடியும் கறுத்துப் பளபளத்தது. மேலேயிருந்து எண்ணெய் அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, யாரு எண்ணெய் ஊத்தினது?"

தூணோரம் திரி திரித்துக்கொண்டிருந்த ஆதிலட்சுமி தலை நிமிரவில்லை. மண்டபத்தில் விளக்கேற்றுவது அவள் வேலை.

"நான்தான். நீ தொடச்சித் தொடச்சி அம்மா மொகம் காஞ்சி கெடக்குது. பாக்கவே பேஜாரா கீது."

உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டிய ஏரிப்பாக்கத்தில், அம்மன் கோயில் மண்டபச் சுவர் முழுக்கப் பழைய ஓவியம் இருந்தது. இருந்தது என்று ஊர் சொன்னது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தோசைக்கல் மாதிரி எண்ணெய்ப் புகை படிந்த கறுப்பு. நடுவில் அம்மன், சுற்றிலும் ஊர்வலம் என்றார்கள். அதை ரசாயனத்தால் சுத்தம் செய்து காப்பாற்றத்தான் தொல்லியல் துறை கல்பனாவை அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை மேலதிகாரி அரவிந்தன் வருகிறார். ஓவியம் தெளிந்திருந்தால் சுவர் அரசுப் பாதுகாப்புக்குள் வரும். இல்லையென்றால் வேலையை நிறுத்திவிடுவார்கள்.

போன வருஷம் வேறொரு ஊரில் அப்படித்தான் நிறுத்தினார்கள். அவள் திரும்பிப் போனபோது அங்கே ஓவியத்தின் மேல் சுத்தமான வெள்ளைச் சுண்ணாம்பு இருந்தது. அந்த வெள்ளையை அவளால் இன்னும் மறக்க முடியவில்லை. இந்தச் சுவரை விடுவதாக இல்லை.

முதலில் எல்லோரையும் கூட்டி விளக்கிச் சொன்னாள்.

"எண்ணெய் புகையைப் பிடிச்சு வெச்சுக்கும். இப்படியே ஊத்திட்டிருந்தீங்கன்னா உள்ளே என்ன படம் இருக்குன்னு யாருக்குமே தெரியாமப் போயிடும்."

ஊர் அசையாமல் கேட்டது. இவ்வளவு கவனமாகத் தன் பேச்சை எந்த ஊரும் கேட்டதில்லை என்று அவளுக்கு மனம் நிறைந்தது.

"இருக்கிற எண்ணெய்லயே ரொம்பக் கெடுதல் எதும்மா?" என்று பூசாரி ஏகாம்பரம் பணிவாகக் கேட்டார்.

"ஆளிவிதை எண்ணெய். காஞ்சு தோல் மாதிரி கெட்டியாயிடும். அப்புறம் எடுக்கிறது ரொம்பக் கஷ்டம்."

"ஆளிவெதை," என்று ஏகாம்பரம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் சுவரில் புது வாசனை. கல்பனா விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"அக்கா, இது ஆளிவிதை எண்ணெய்தானே?"

"ஆமா. உத்திரமேரூர் நாட்டு மருந்துக் கடையில வாங்கியாந்தோம்."

"அதுதான் கெடுதல்னு சொன்னேனே!"

"பேரு மனசுல நின்னுக்கிச்சு. நல்லதா கெட்டதான்னு மறந்துபூட்சி," என்றாள் ஆதிலட்சுமி. "இவ்ளோ தூரம் வாங்கியாந்ததை வூட்டுக்கா எடுத்துக்கினு போவ முடியும்?"

எண்ணெய் காய்ந்து இறுகுவதற்குள் எடுத்தாக வேண்டும். கல்பனா காகிதக் கூழை அமோனியம் கார்பனேட் கரைசலில் ஊறவைத்து, அம்மன் முகம் இருந்த இடத்தில் பற்றுப் போட்டாள். எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். கைகழுவக் குழாயடிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது மண்டபம் முழுக்க வேப்பிலை. கூட்டம். கூழ்ப்பானை.

"அம்மாவுக்கு அம்மை போட்டுக்கீது!" என்றாள் ஆதிலட்சுமி. "மொகமெல்லாம் வெள்ளையா பொங்கிக்கீது, பாரு!"

"அது காகிதம்க்கா!"

சொல்லி முடிப்பதற்குள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் பற்றின் மேல் விழுந்தது. மஞ்சளும் அந்தக் கரைசலின் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது கல்பனாவுக்குத் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மன் முகம் செக்கச்செவேலென்று சிவந்தது.

"ரத்தம்!" என்று ஒரு குரல்.

"ரத்தமில்ல! ஆரத்திக்கு ஆலம் கரைக்கிறீங்களே, மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு? அதேதான் இது!"

கூட்டம் ஒரு கணம் யோசித்தது.

"அப்போ அம்மா தனக்குத்தானே ஆலம் சுத்திக்கிறா," என்றார் ஏகாம்பரம். அவ்வளவுதான். பக்கத்துப் பெருநகர் ஊரிலிருந்துகூட ஆட்டோ பிடித்து வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. ஆளுக்கொரு கிண்ணம் எண்ணெயோடு வந்தார்கள்.

கல்பனா ஏகாம்பரத்திடம் கைகூப்பினாள். "விளக்கை மட்டுமாவது வெளியே வெச்சிடுங்க ஐயா. புகையாவது குறையும்."

"அதுக்கின்னாம்மா, தாராளமா," என்று உடனே எடுத்து வெளியே வைத்தார். பிறகு, விளக்கை அகற்றிய தோஷம் நீங்க மண்டபத்துக்குள் சாம்பிராணி போட்டார். யார் முகம் யாருக்கும் தெரியாத அளவுக்குப் போட்டார்.

அந்தப் புகைக்குள் இருமிக்கொண்டே கல்பனா ஒரு முடிவுக்கு வந்தாள். இனி விளக்கம் இல்லை, வேண்டுகோள் இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் மண்டபத்துக்குள் போய், கம்பிக் கதவை உள்பக்கமாகத் தன் சொந்தப் பூட்டால் பூட்டிக்கொண்டாள். பஞ்சை எடுத்தாள். ஒரு சாண் முடிந்தால் அடுத்த சாண். கறுப்பு இளகிப் பழுப்பாகி, பழுப்புக்கடியிலிருந்து ஒரு கை வந்தது. ஒரு தோள். ஒரு கால்.

கதவுக்கு வெளியே ஊர் கெஞ்சியது.

"யம்மா, வந்து நாஷ்டா துன்னுட்டுப் போ. பட்டினியா கெடந்தா ஊருக்குத்தான் பாவம்."

"பசிக்கலக்கா."

"எங்க வூட்ல டிவியில உன்ன மாதிரியே ஒரு பொண்ணு பேசுது, வந்து பாரேன்."

"நீங்களே பாருங்க."

"பின்னாடி பாம்பு, பாம்பு!"

"இருக்கட்டும்."

சாயங்காலம் வெளிச்சம் குறையும்போது கடைசிச் சாணும் முடிந்தது. முகத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகவே பார்த்திருந்ததால் முழு ஓவியத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை. வெளியே வந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெறும் இருட்டைப் பார்த்தபடி, ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை அரவிந்தன் ஜீப்பில் வந்து இறங்கினார். ஓட்டிவந்த குமரேசனும் பின்னாலேயே வந்தான். கல்பனா கதவைத் திறந்தாள். காலை வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. சிவப்பும் பச்சையும் நேற்று பூசியதுபோல நின்றன.

"அற்புதம் கல்பனா!" என்றார் அரவிந்தன். "என்ன ஊர்வலம்! இந்தச் சுவர் இனிமே அரசாங்கப் பொறுப்பு. ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது. ஆமா, மேளக்காரங்களைக் காணோமே?"

கல்பனா பின்வாங்கி நின்று, முதல் முறையாக முழுச் சுவரையும் பார்த்தாள்.

மேளம் இல்லை. குடை இல்லை. அம்மனைக் கம்பளியில் சுற்றித் தோளில் சுமந்து ஆறு பேர் குனிந்து ஓடினார்கள். முன்னால் போனவன் உதட்டில் விரல் வைத்திருந்தான். பின்னால் ஒரு கோயில். அதன் தூணில் ஒரு பூசாரி, வாயில் துணியோடு கட்டப்பட்டிருந்தார். கோயிலுக்குப் பின்னே படுத்த யானை போல ஒரு பாறை.

குமரேசன் எட்டிப் பார்த்தான். இன்னும் எட்டிப் பார்த்தான்.

"சார், இது எங்க ஊரு புதுமேட்டுப் பாறை சார். எங்க கோயில்தான் சார் அது. அம்மன் எந்தக் காலத்துலயோ காணாமப் பூட்டாளாம், இன்னிக்கும் வெறும் பீடத்துக்குத்தான் பூசை பண்ணிக்கினு கீறோம்."

அவன் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். ஊர் மொத்தமும் தரையைப் பார்த்தது.

ஏகாம்பரம் மெல்ல நகர்ந்து கல்பனாவின் பக்கத்தில் வந்து நின்று, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"சுண்ணாம்பு அடிச்சா கேசு ஆயிடும், எண்ணெ ஊத்துனா பக்தி ஆயிடும்னுதாம்மா நாலு தலைமொறையா ஊத்திக்கினு கீறோம்."