களைப்பு கண்டறியும் அதிகாரி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். ஆனால் அவன் களைத்திருக்கிறானா இல்லையா என்பதைக் கண்டுபிடித்துச் சொல்ல, இத்தனை யுகங்களாக ஓர் அதிகாரி இருந்ததில்லை. அந்த மாபெரும் குறையைத் தீர்த்துவைத்த புகழ், தண்ணீர்க் குழாய்களுக்கு மூட்டு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தையே சேரும்.

ஆண்டுக்கொரு முறை ஊழியர்களை மலையேற்றி அவர்களிடம் 'குழு உணர்வு' வளர்ப்பது அங்கே வழக்கம். போன வருடம் பாதி வழியில் நான்கு பேர் மயங்கி விழுந்ததில் அந்த உணர்வு கொஞ்சம் சிதறிப்போனது. எனவே இந்த வருடம் மேலாளர் சுற்றறிக்கை விட்டார். இனி யாரும் தன்னிச்சையாகக் களைப்படையக் கூடாது. உரிய அதிகாரி பரிசோதித்துச் சீட்டு வழங்கிய பிறகே களைப்படைய வேண்டும். பச்சைச் சீட்டு வாங்கியவர் தெம்பாக இருக்கிறார், மேலே ஏறலாம். சிவப்புச் சீட்டு வாங்கியவர் களைத்துவிட்டார், கீழே இறங்கலாம்.

பதவி, தபால் பிரிவு எழுத்தருக்குக் கிடைத்தது. மேலாளர் பேசிய கூட்டங்களில் மூன்று முறை கொட்டாவி விட்டவர் என்பதால், இத்துறையில் அவருக்கு முன் அனுபவம் உண்டு என்று கருதப்பட்டது. மேலாளர் அவரை அறைக்கு அழைத்து ஓர் அட்டைப் பலகை, ஒரு விசில், ஒரு கட்டுப் பச்சைச் சீட்டு, எண்ணி இரண்டு சிவப்புச் சீட்டு ஆகியவற்றை ஒப்படைத்தார்.

"நாப்பது பேருக்கு ரெண்டு சிவப்பு போதுமா சார்?"

"அதையும் அப்படியே திருப்பிக் கொண்டு வந்தீங்கன்னா ரொம்ப சந்தோஷப்படுவேன்" என்றார் மேலாளர். சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். எழுத்தரும் பார்த்தார். அங்கே பிரிவுத் தலைவரின் நாற்காலி ஒரு மாதமாகக் காலியாக இருந்தது. கைப்பிடி வைத்த நாற்காலி. பதினோரு வருடமாகக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாழ்ந்த மனிதருக்கு அதைப் பார்த்ததும் முழங்கைகள் தாமாகவே விரிந்தன.

வீட்டில் மனைவி ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். அவளுடைய அண்ணனும் அதே நிறுவனத்தில்தான், கிடங்கில் வேலை.

"அண்ணனுக்கு முட்டி சரியில்லங்க. அவரா வாயத் திறந்து கேக்க மாட்டாரு. நீங்கதான் அதிகாரியாச்சே, கொஞ்சம் பாத்துக்குங்க."

"நான் இருக்கேன்ல? அப்புறம் என்ன கவலை?" என்றார் எழுத்தர், விசிலை ஊதிப் பார்த்தபடி.

ஞாயிறு காலை ஏற்றம் தொடங்கியது. களைப்பின் அறிகுறிகள் எழுத்தருக்குத் தலைகீழ்ப் பாடம். சமதரையில் கால் இடறும். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழத் தோன்றும். யாரும் கேட்காமலே 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று வாய் சொல்லும். பாறைகள் எல்லாம் சோபாவாகத் தெரியும். இதில் மூன்றாவது வளைவுக்கு முன்பே எழுத்தருக்கு நான்கும் வந்துவிட்டன. ஆனால் அதிகாரி தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ள விதிமுறையில் இடமில்லை. எனவே அவர் களைப்படையவில்லை.

கணக்குப் பிரிவு அம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றாள். "சார், கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது."

"மலைன்னா பூச்சி இருக்கத்தாம்மா செய்யும்" என்று பச்சைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

நான்காவது வளைவில் ஒரு கல்லின் மேல் மச்சான் உட்கார்ந்திருந்தார். வலது முட்டி வீங்கி, கால்சட்டைத் துணி அங்கே மட்டும் இறுகிக் கிடந்தது. முகத்தில் அப்படி ஒரு வேர்வை.

"மாப்ள, இதுக்கு மேல என்னால முடியாது போலிருக்கு. அந்தச் சிவப்புச் சீட்டு ஒண்ணு குடுங்களேன். இப்பவே மெள்ள எறங்கிடறேன்."

எழுத்தருக்கு மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. அதை ஒட்டினாற்போல் நாற்காலியும் வந்தது. அதன் இரண்டு கைப்பிடிகளும் வந்தன.

"மச்சான், மொதச் சீட்டே நம்ம வீட்டு ஆளுக்குக் குடுத்தா நாலு பேரு என்ன பேசுவாங்க? நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அதுவும் சரிதான். அப்ப கையையாவது குடுங்க, எந்திரிக்கிறேன்" என்று மச்சான் கையை நீட்டினார்.

எழுத்தரின் ஒரு கையில் அட்டைப் பலகை, மறு கையில் சீட்டுக் கட்டு. நீட்டிய கையை வெறுமனே விடுவது மரியாதையல்ல என்பதால், அதில் ஒரு பச்சைச் சீட்டை வைத்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் அடுத்த வளைவை நோக்கி ஏறினார்.

ஆறாவது வளைவில் மேலாளர் தன் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திட்டத் தொடங்கினார். பிறகு, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று ஒரு மரத்திடம் சொன்னார். பிறகு சமதரையில் இடறி, அகலமான பாறையொன்றில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது பேரும் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுத்தரின் சட்டைப்பையில் சிவப்புச் சீட்டு இரண்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவர் பச்சைச் சீட்டை நீட்டினார். அதைப் பார்த்த மேலாளரின் முகத்தில், இன்னும் ஏற வேண்டுமே என்ற பீதி படர்ந்தது.

நல்ல வேளையாகத் துணை மேலாளர் சமயோசிதமானவர். "சார், உக்காந்ததுதான் உக்காந்தீங்க, ஒரு அவசரக் கூட்டம் போட்டுடலாமா?"

கூட்டம் கூடியது. மேலாளர் அமர்ந்திருக்கும் பாறையே இம்மலையின் சிகரம் என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"அப்ப மேல தெரியுதே, அது என்ன சார்?" என்றாள் கணக்கம்மாள்.

"அது மலையோட விரிவாக்கப் பகுதிம்மா. அடுத்த வருஷம் பரிசீலிப்போம்" என்றார் துணை மேலாளர்.

'சோர்வறியாச் சிகரப் பயணம்' என்று எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். இறங்கும்போது மச்சானின் முட்டி முழுதாக மடங்கிவிட்டது. கிடங்குக்காரர்கள் நான்கு பேர் அதே பதாகையில் அவரைக் கிடத்தி, நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். அன்றைய அறிக்கையில் இது எந்த விவரமும் விடுபடாமல் பதிவாகியிருக்கிறது: 'பதாகை பத்திரமாகக் கீழே கொண்டுவரப்பட்டது. களைத்தவர்: எவருமில்லை.' கீழே அதிகாரியின் கையெழுத்து.

திங்களன்று நாற்காலி கிடைத்தது. மேலாளர் கைகுலுக்கினார், எல்லோரும் கைதட்டினார்கள். எழுத்தர் அன்று முழுதும் முழங்கைகளைக் கைப்பிடிகளின் மேல் வைத்திருந்தார். ஏனோ அவை அங்கேயும் சரியாகப் பொருந்தவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் மச்சான் கால் நீட்டிப் படுத்திருந்தார். முட்டி, தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டு இருந்தது. எழுத்தரைக் கண்டதும், "வாங்க மாப்ள" என்று வழக்கம்போல் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஏதாவது நல்ல சேதி சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"பிரிவுத் தலைவர் ஆக்கிட்டாங்க" என்றார் மனைவியிடம், தாழ்ந்த குரலில். "கைப்பிடி வச்ச நாற்காலி குடுத்திருக்காங்க."

அவள் அண்ணனின் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்தபடி, நிமிராமலே சொன்னாள்:

"நல்லதாப் போச்சு. நாளைக்கு அத இங்க கொண்டாந்து போடுங்க. அண்ணன் எந்திரிக்கறப்ப பிடிச்சுக்க ஏதாவது வேணும். நேத்து மலையில கேட்டப்பவே ஒரு கை கெடைக்கலையாம்."