ஓர் அடைப்புக்குறிக்கு நடந்த பெரும்போர்

வாழி, கடல் கடந்து வந்து நாற்பத்தொரு படிவங்களில் ஒரே கையெழுத்தைப் பிசகாமல் இட்ட நங்கை! வாழி, சொந்த நாட்டில் ஒரு பட்டம் பெற்றிருந்தும், பல்கலைக்கழகத்தில் படிப்பது எப்படி என்று படிப்பதற்காக ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர்க்கப்பட்ட பொறுமையின் பெருமலை! அயல்நாட்டு மாணவர்க்கென்றே எழுப்பப்பட்ட அந்தப் பாசறையில், மின்னஞ்சலுக்கு முகமன் எழுதும் கலையிலும், ஆசிரியரைச் சிரித்த முகத்தோடு மறுக்கும் கலையிலும் தேறி, யாவற்றினும் கொடியதான மேற்கோள் கலையின் வாயிலில் வந்து நின்ற வீராங்கனையின் வரலாறு இது.

போருக்கு இரு வாரம் முந்தைய செவ்வாய்க்கிழமை, பிற்பகல் நான்கு மணி. விடுதியின் அடித்தளத்துச் சலவை அறையில் துணி துவைக்கும் இயந்திரம் மதங்கொண்ட களிறுபோல் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. நம் தலைவி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் கைபேசியை அழுத்தியிருந்தாள். மறுமுனையில் அவளைப் பெற்றவள்: ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவை இருபத்தாறு ஆண்டுகளாகக் கட்டியாளும் பேரரசி, நாளொன்றுக்கு எண்ணூறு படுக்கைவிரிப்புகளை வெளுக்கவும் மடியவும் ஆணையிடுபவள்.

“அந்தச் சத்தத்தக் கேட்டா துணியெல்லாம் ஒரு பக்கமா சேந்திருக்கு. நிறுத்து. பிரிச்சுப் போடு.”

மகள் நிறுத்தினாள், பிரித்துப் போட்டாள், களிறு அடங்கியது.

“இப்ப சொல்லு. என்ன எழுதிட்டிருக்க?”

“கடைசிக் கட்டுரைம்மா. இந்த ஆயத்தப் படிப்போட மதிப்பு என்னன்னு எழுதணும்.”

“அவங்க கடைச் சரக்கு நல்லாருக்கான்னு உங்கிட்டயே கேட்டு, அதுக்கு மார்க்கும் போடுவாங்களா? நல்ல யாவாரம்டி.” அம்மா சிரித்தாள். “எனக்கு ஒண்ணுதான் புரியல. படிக்கறதுக்கு முன்னாடி படிக்கக் கத்துக்கணும்னா, இத்தன வருஷம் நீ பண்ணினது என்ன? சரி, வெக்கிறேன். அழுக்குத் துணி வண்டி வந்திருச்சு.”

அந்தக் கேள்வியை மகள் அன்றைக்கே கட்டுரையின் முதல் பத்தியில், “என் அம்மா கேட்டார்” என்று எழுதி, முதல் வரைவைக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை, மடித்த விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்த இடத்திலேயே அம்மா சரிந்து விழுந்தாள். மகள் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் அவளுக்காகத்தான் காத்திருந்தார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். விடுப்புப் படிவத்தில் ‘குடும்பக் காரணம்’ என்ற கட்டத்தில் குறியிட்டாள். அதற்குமேல் எழுத அதில் இடம் விட்டிருக்கவில்லை.

திரும்பியவளை வரவேற்றது திருத்தப்பட்ட வரைவு. மதிப்பெண் ஐம்பத்தெட்டு. தேர்ச்சிக்கு அறுபது. அறுபதைத் தொடாதவர்க்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறவாது. இன்னும் ஓராண்டு அதே பாசறை, அதே முகமன், அதே சிரித்த முகம். முதல் பத்தியில் ‘என் அம்மா’ என்ற இரு சொற்களைச் சுற்றிக் குருதிநிறத்தில் ஒரு வட்டம், வட்டத்தின் அருகே ஓர் ஓலை: “ஆதாரம்? இல்லையேல் நீக்குக.”

ஓலை விடுத்தவர் யார்? காற்புள்ளிக் காவலர், அடிக்குறிப்புகளின் அரசர், மனைவியின் பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலும் ஆண்டை அடைப்புக்குறிக்குள் இட்டவர் என்று வகுப்பே நம்பிய ஆசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அடைப்புக்குறியார். தொண்ணூற்றாறு பக்கக் கம்பிச்சுருள் கையேடே அவருக்குக் கவசம், கேடயம், வாள்.

முதல் நாள் போர் நூலகத்தில் மூண்டது. உடன் படித்தவர்களில் ஒருவர், ஒன்பதாண்டு மருந்துக்கடை நடத்திவிட்டுப் படிக்க வந்தவர், ஆகவே ‘மருந்துக்கடை’ என்றே அழைக்கப்பட்டவர், கட்டுரைக் குவியலிலிருந்து ஒரு தாளை உருவி, கைகண்ட மாத்திரையை நீட்டுவதுபோல் அவள் முன் நீட்டினார். அம்மா, அழுக்குத் துணி வண்டி வருவதற்குள் கேட்டு முடித்த கேள்வியை வல்லுநர் மூவர் கூடி, முப்பது பக்கங்களில், இரண்டு வரைபடங்களோடு, விடை ஏதும் சொல்லிவிடாமல் கேட்டிருந்தார்கள்.

“இந்தா தங்கச்சி, உங்கம்மா சொன்னதையேதான் இந்த மூணு புரொபசரும் சொல்லியிருக்காங்க. அம்மாவ எடுத்துட்டு இவங்கள வெச்சிரு. ரெண்டு மார்க் எங்கயும் போகாது. அம்மா என்ன கோவிச்சுக்கவா போறாங்க?” என்றவர், சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எடுக்க மாட்டேண்ணே.”

“எடுக்கலேன்னா இன்னொரு வருஷம் இங்கயே உக்காரணும்மா.”

“உக்காந்துக்கறேன்.”

கேட்டீர்களா அந்த வஞ்சினத்தை! நூலக அடுக்குகள் நடுங்கின. காகித நகல் எடுக்கும் பொறி தாளை விழுங்கி விக்கி நின்றது. எதிர்மேசையில் உறங்கியவர் விழித்து, நேரம் பார்த்து, மறுபடி உறங்கினார். தலைவியோ பகைவரின் கையேட்டையே பகைவர்மேல் ஏவத் துணிந்து, முன்னுரையிலிருந்து அதை வரிவரியாக வாசிக்கலானாள். வாசிப்பது எப்படி என்று அவளுக்கு அந்த ஓராண்டில் கற்பித்திருந்தார்கள். யாராவது அந்தக் கையேட்டை முழுதாக வாசிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்திருக்கவில்லை.

மறுநாள் மூன்றாம் மாடியில், வெப்பக் குழாய் முனகும் அடைப்புக்குறியாரின் சிறிய அறையில் இரு படைகளும் எதிர்ப்பட்டன.

“ஏழாம் இயல், நான்காம் விதி, சார். தனிப்பட்ட உரையாடல். பேசினவர் யாருன்னும் தேதியும் அடைப்புக்குறிக்குள்ள போட்டா ஆதாரமா எடுத்துக்கலாம்.”

அம்பு நேரே நெஞ்சில் தைத்தது. தம் படைக்கலம் தம்மேலேயே பாயக் கண்ட அடைப்புக்குறியார், ஒரு கணம் பெருமிதத்தால் முகம் மலர்ந்தார்; மறுகணம், புறமுதுகிடாத மறக்குடி மரபுப்படி, ஐந்தாம் விதிக்குப் பின்னே போய் அணிவகுத்தார்.

“சரிதாம்மா. ஆனா அவங்க சம்மதம் வேணுமே. இந்தப் படிவத்துல அம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடு.”

“கையெழுத்துப் போட முடியாது, சார்.”

“ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லு. அதுவும் கஷ்டம்னா ஒரு வரி மெயில் போதும். ‘சம்மதம்’னு, அவ்வளவுதான்.”

“மெயிலும் வராது, சார்.”

“போடத் தெரியாதா? நீ சொல்லிக் குடும்மா. அவங்களும் கத்துக்கட்டும்.”

“நீங்க வரைவத் திருத்தின வாரம் செத்துப் போயிட்டாங்க, சார்.”

அடைப்புக்குறியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். பிறகு, தேரும் கரியும் பரியும் வீழ்ந்த களத்தில் தனித்து நின்ற மன்னன் தன் வெற்று உறைக்குள் வாளைத் தேடுவதுபோல், கைகளுக்கு வேறு வேலை தெரியாமல், கையேட்டை எடுத்துப் புரட்டினார். எண்பத்தோராம் பக்கத்தில் விரல் நின்றது. பழக்கம் முந்திக்கொள்ள, வாய்விட்டே வாசித்துவிட்டார்:

“இறந்தவரிடம் சம்மதம் பெற வேண்டியதில்லை.”

வாசித்தபின்தான் அவருக்குக் காது கேட்டது.

“அப்ப... வெச்சுக்கலாம்மா,” என்றார்.

முழங்குக முரசம்! ஊதுக வெண்சங்கம்! சலவைப் பேரரசி இருந்தவரை படிவம் கேட்டு வழிமறித்த விதி, அவள் இல்லை என்றதும் கைகட்டி ஒதுங்கி நின்றது. ஒரு சொல்லும் குறையாமல், வல்லுநர் ஒருவரின் நிழலும் மேலே விழாமல், முதல் பத்தியின் அரியணையில் அமர்ந்தாள் அம்மா. இரு புறமும் வளைந்து நின்று காவல் காத்தன அடைப்புக்குறிகள். அவற்றை அடைப்புக்குறியாரே தம் பேனாவால் போட்டார். இடப்பக்கத்துக் குறி கொஞ்சம் கோணிவிட்டது. அவர் வாழ்நாளில் முதல் கோணல் அது என்பார் மருந்துக்கடை.

“பின்னாடி இருக்கற நூற்பட்டியல்ல மட்டும் சேக்காதம்மா,” என்றார், தாளைத் திருப்பிக் கொடுத்தபடி. “வாசகர் தேடிப் போனா கிடைக்காததப் பட்டியல்ல போடறதில்ல.” சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறுபத்தொன்று! பாசறைவாயில் அகன்றது, பல்கலைக்கழகத்தின் கண்ணாடிக் கதவுகள் அவள் அட்டையைக் கண்டதும் தாமே விலகின, கட்டுரைத்தாளின் தலைப்பில், வெற்றிமாலையென, “சான்றுகளைக் கையாளும் திறன் நன்று” என்ற வாசகம் பொறிக்கப்பட்டது. அம்மாவின் கேள்விக்கு எதிரே ஒரு சரிக்குறி இருந்தது, விடை எழுதியிருக்கவில்லை. வெற்றித்திருமகள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் அமர்ந்து, முதலிலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினாள்.

நூற்பட்டியலில் முன்பும் பதினோரு பேர், இப்போதும் பதினோரு பேர்.