பொலோஞ்ஞாவில் ஒரு தட்டு லசானியா

செத்தாலும் சரி, ஒரு தட்டு லசானியா தின்றுவிட்டுத்தான் சாவது என்று எஜிதியோ முடிவு செய்துவிட்டார். அதுவும் பொலோஞ்ஞா ஊர் லசானியா. கீரை சேர்த்துப் பிசைந்த பச்சை மாவு, அடுக்குக்கு அடுக்கு இறைச்சிக் குழம்பு, மேலே சீஸ் உருகி வழிந்து ஓரமெல்லாம் முறுகிப் போயிருக்கும். அந்த முறுகல் ஓரத்துக்காக ஒரு கொலை செய்தால்கூடத் தப்பில்லை என்பது அவருடைய கட்சி.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மூன்று மாதமாக மனுஷன் தின்பதெல்லாம் வெள்ளைச் சோறு. அவித்த அரிசி, மேலே ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். எங்கள் ஊர் மாந்துவாவில் வயிறு கெட்டவனுக்கும் சாகக் கிடக்கிறவனுக்கும் போடுகிற சாப்பாடு அது. எல்லாம் டாக்டர் ரிகெத்தி செய்த வேலை.

"உடம்புல கொழுப்பு ரொம்ப ஏறிப்போச்சு," என்றார் டாக்டர்.

"இதைத்தான் டாக்டர், கல்யாணமான மறுநாள்லேர்ந்து நானும் சொல்லிட்டிருக்கேன்," என்றாள் எஜிதியோவின் மனைவி நோர்மா.

அன்றிலிருந்து வீட்டில் வெண்ணெய் கிடையாது, பன்றி இறைச்சி கிடையாது, சீஸ் துருவி எங்கே போனது என்றே தெரியாது. எஜிதியோ பூட்டு சாவிக் கடைக்காரர். ஊரில் எவன் வீட்டுப் பூட்டையும் ஹேர்பின்னால் திறந்துவிடுவார். ஆனால் தன் வீட்டுச் சமையலறை அலமாரிக்கு நோர்மா போட்ட பூட்டு மட்டும் அவருக்கு மசியவில்லை. அது அவர் கடையிலேயே வாங்கியது; நல்ல சரக்கு என்று அவரே சொல்லிக் கொடுத்தது.

இந்த நிலையில்தான் முப்பதாவது கல்யாண நாள் வந்தது.

"எங்கயாவது ஒரு நாள் போய்ட்டு வரலாமா?" என்று கேட்டாள் நோர்மா.

"பொலோஞ்ஞா!" என்றார் எஜிதியோ. அவள் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"என்ன திடீர்னு? பொலோஞ்ஞாக்காரன்னாலே பீத்தல்காரன், அந்த ஊர்ல காலை வைக்க மாட்டேன்னு சொல்வியே?"

"கோயில் பார்க்கணும் நோர்மா. வயசாகுதில்ல."

"நீயா? கோயிலா? பெத்த பொண்ணோட ஞானஸ்நானத்துக்கே வெளிய நின்னு சிகரெட் பிடிச்ச ஆளாச்சே நீ."

"அதான் இப்போ உறுத்துது."

நோர்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, அடடா, சிரித்தாள்! "சரி, போகலாம். மலை மேல சான் லூக்கா மாதா கோயில் இருக்கு. அடிவாரத்துலேர்ந்து கூரை போட்ட வழியிலயே நடந்து ஏறிடலாம்."

எஜிதியோவுக்கு அதுதான் வேண்டும். அவள் மலை ஏறுவாள். அவருக்கு முட்டி வலிக்கும். அவள் கோயிலில் மாதாவைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வருவதற்குள் இவர் சாப்பாட்டுக் கடையில் லசானியாவைக் கும்பிட்டு முடித்திருப்பார். இரண்டு பேருக்கும் புண்ணியம். திட்டம் அவ்வளவு அழகாக இருந்ததில், ரயிலில் போகும்போது அவருக்கே தன் மூளையைத் தடவிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

பொலோஞ்ஞாவில் இறங்கியதும் நோர்மா அவரை நேரே கடைத்தெருவுக்குள் நடத்திக்கொண்டு போனாள். சோதனைக்கென்றே போனாளோ என்னவோ! இரண்டு பக்கமும் பன்றித் தொடைகள் தொங்குகின்றன. வெள்ளைக் கொழுப்புப் பொட்டு வைத்த மொர்தடெல்லா என்கிற பன்றி இறைச்சி உருளை, ஆள் தொடை தடிமனுக்கு, கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கிறது. கடைக்காரன் அதைச் சீவச் சீவ எஜிதியோவின் கண் கத்தியோடு சேர்ந்து போய்ப் போய் வந்தது.

"எச்சில் ஒழுகுது, துடைச்சுக்க."

"வேர்வைடி."

"வாயிலயா வேர்க்கும்?"

எஜிதியோ கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பெரிய சதுக்கத்துக்கு வந்தார்கள். அங்கே பழைய அரண்மனைக்குக் கீழே நான்கு பக்கமும் திறந்த ஒரு வளைவு மண்டபம். நடுவில் ஜனங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நோர்மா அவர் கையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்துப் போனாள். அவள் முகத்தில் கல்யாணப் பெண் போல ஒரு வெட்கம்.

"இங்க நில்லு. சுவரைப் பார்த்து நில்லு. திரும்பக் கூடாது."

"எதுக்கு?"

"நில்லுன்னா நில்லு. இதோ வந்துடறேன்."

முப்பது வருஷப் பழக்கம், நின்றார். கல்யாண நாளுக்குப் பரிசு ஏதோ வாங்கப் போகிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்து மூலையைக் கடைக்கண்ணால் பார்த்தால், அங்கேயும் ஒரு பெண் சுவரில் மூக்கு படுகிற மாதிரி நின்று என்னவோ முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அடேயப்பா, பொலோஞ்ஞாக்காரனுக்கு எவ்வளவு நாகரிகம் பார் என்று வியந்தார் எஜிதியோ. போன் பேச வேண்டுமென்றால் அடுத்தவனுக்குத் தொந்தரவில்லாமல் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்துப் பேசுகிறார்கள்! எங்கள் ஊரில் என்றால் மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்கும். அப்போதுதான் அவர் மண்டையில் விளக்கு எரிந்தது. நல்ல மூலை, நோர்மாவும் பக்கத்தில் இல்லை. இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்? சட்டென்று போனை எடுத்து, ஊரிலேயே விசாரித்துக் குறித்து வைத்திருந்த எண்ணுக்கு அடித்தார்.

"ஹலோ, ஆர்ஜியா அத்தை சாப்பாட்டுக் கடையா?" என்று சுவரோடு சுவராகக் குசுகுசுத்தார். "மத்தியானத்துக்கு ஒரு மேசை வேணும். ஒருத்தருக்குத்தான். பேரா? பேரு... ரிகெத்தி. டாக்டர் ரிகெத்தி. ஆமா, பச்சை லசானியா. ஓரத் துண்டா குடுங்க, நல்லா முறுகலா. முதல்ல மொர்தடெல்லா, தடிமனா வெட்டணும், காகிதம் மாதிரி சீவினா திருப்பி அனுப்பிடுவேன். அப்புறம் முக்கியமா ஒண்ணு. மேசை உள்ளே தள்ளி இருக்கட்டும், தெருவிலேர்ந்து தெரியக் கூடாது. எனக்கு முட்டி வலின்னு நம்பி என் பொண்டாட்டி மலைக்குப் போயிருப்பா. ஆனா அவளுக்கு வேட்டை நாய் மூக்கு. நாலு தெரு தள்ளி வெண்ணெய் உருகினாலும் கண்டுபிடிச்சுடுவா."

போனை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து நோர்மா வந்தாள். கையில் பரிசு எதுவும் இல்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது. வெயில் போலிருக்கிறது என்று எஜிதியோ நினைத்துக்கொண்டார்.

"போகலாமா? மலை ஏறணுமே," என்றாள்.

"ஐயோ அம்மா!" என்று எஜிதியோ முட்டியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார், இன்னும் ஓர் அடிகூட வைக்கவில்லை.

"ஐயய்யோ, முட்டியா கண்ணு? எந்த முட்டி?"

"இடது... இல்லை, வலது."

"ரெண்டுமா? அடப் பாவமே! நீ ஏறவே வேண்டாம். இங்கயே நிழல்ல உட்கார். நான் மட்டும் போய் உனக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டு வர்றேன்." பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து அவர் கையில் வைத்து, தலையை வேறு கோதிவிட்டாள். "பசிச்சா இதைச் சாப்பிடு ராசா."

இவ்வளவு அன்பு முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. வேறு எவனாக இருந்தாலும் அங்கேயே உஷாராகியிருப்பான். எஜிதியோவுக்கு லசானியா கண்ணை மறைத்தது. அவள் தலை மறைந்ததும் முட்டி குணமாகிவிட்டது. ஆப்பிளைச் சதுக்கத்தில் இருந்த சர்ச் படிக்கட்டில் வைத்துவிட்டு ஓட்டமாக ஓடினார்.

கடை வாசலில் பரிசாரகர் ஃபவுஸ்தோ நின்றிருந்தார். தொந்தியும் மீசையுமாக, பார்த்தாலே பசி எடுக்கிற ஆள்.

"பேரு சார்?"

"டாக்டர் ரிகெத்தி."

ஃபவுஸ்தோ சமையல்காரரைப் பார்த்தார். சமையல்காரர் ஃபவுஸ்தோவைப் பார்த்தார். "வாங்க டாக்டர், வாங்க," என்று ஃபவுஸ்தோ அவர் முழங்கையைப் பிடித்து, "படி இருக்கு, பார்த்து, பார்த்து," என்று கைக்குழந்தையை நடத்துவது போல உள்ளே கூட்டிப் போனார். நாற்காலியில் மெத்தை போட்டிருந்தது. அடடா, டாக்டர் என்றால் மரியாதையே தனி என்று எஜிதியோ கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டு காத்திருந்தார்.

தட்டு வந்தது. மூடியைத் திறந்தார் ஃபவுஸ்தோ.

வெள்ளைச் சோறு. மேலே ஒரு சொட்டு எண்ணெய்.

"இது என்னய்யா?"

"உங்க சாப்பாடு டாக்டர். அடுத்து அவிச்ச சுரைக்காய் வருது."

"நான் லசானியா சொல்லியிருந்தேனே!"

"சொல்லியிருந்தீங்க," என்று ஃபவுஸ்தோ கனிவாகத் தோளைத் தட்டினார். "அப்புறம் உங்க சம்சாரம் போன் பண்ணினாங்க. இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்கீங்களாம். கண்டதையும் கேட்பீங்க, குடுக்காதீங்கன்னு அழுதாங்க. பேரு கேட்டா டாக்டர்னு சொல்வீங்கன்னும் சொன்னாங்க."

எஜிதியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரலை! எனக்கு ஒண்ணும் இல்லை!"

"இப்படித்தான் சொல்வீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"யோவ், நான் டாக்டரே இல்லய்யா! பூட்டு சாவிக் கடை வெச்சிருக்கேன்!"

"சரிங்க சார். வரும்போது டாக்டர், இப்போ பூட்டுக் கடை. சோறு ஆறுறதுக்குள்ள வேற என்ன ஆனாலும் எங்களுக்குச் சம்மதம். ஒரு வாய் சாப்பிடுங்க."

கடை முழுக்க அவரையே பார்த்தது. அடுத்த மேசைக் கிழவர் ஒருவர், "சீக்கிரம் தேறி வாங்க!" என்று ஒயின் கிளாஸை உயர்த்தினார். எஜிதியோ கத்தினால் பைத்தியம், கத்தாவிட்டால் நோயாளி. வேறு வழியில்லாமல் ஒரு வாய் சோறு தின்றார். ஃபவுஸ்தோ கைதட்டினார்.

அப்போது அவர் மூக்குக்கு முன்னாலேயே ஒரு தட்டு போயிற்று. பச்சை லசானியா. ஓரத் துண்டு. நல்ல முறுகல். அது தூணைச் சுற்றிக்கொண்டு பின்னால் இருந்த மேசைக்குப் போனது. எஜிதியோவின் கழுத்து அதோடு நீண்டுகொண்டே போய், தூணுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

நோர்மா உட்கார்ந்திருந்தாள். மொர்தடெல்லா தட்டு ஏற்கனவே காலி.

"முட்டி எப்படி இருக்கு கண்ணு?" என்றாள், முறுகல் ஓரத்தைக் கடித்துக்கொண்டே. "மெல்லும்போது எவ்வளவு சத்தம் வருது பாரேன்."

"உனக்கு... உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முதல்ல சுரைக்காயைச் சாப்பிடு. அப்புறம் காட்டறேன்."

சாப்பிட்டார். சாப்பிட வைத்தார்கள்.

வெளியே வந்ததும் நோர்மா அவரை மறுபடி அந்த வளைவு மண்டபத்துக்கே கூட்டிப் போனாள். அதே மூலை. "சுவரைப் பார்த்து நில்லு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எஜிதியோ, ஸ்கூலில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி நின்றார்.

சுவர் பேசியது.

"எஜிதியோ. வேட்டை நாய் பேசுறேன்."

எஜிதியோ துள்ளிவிட்டார். திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்கு அந்தப் பக்கம், நேர் எதிர் மூலையில், நோர்மா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"திரும்பாதே," என்றது சுவர். "இந்த ஊர்ல படிச்ச என் சித்தி பொண்ணு சில்வானா சொன்னா. இங்க ஒரு மூலையில முணுமுணுத்தா, வளைவு வழியா ஏறி வந்து எதிர் மூலையில காதுல சொன்ன மாதிரி கேட்கும். காதலிக்கிறவங்க வந்து பேசிக்குவாங்களாம். முப்பது வருஷம் ஆச்சே, நாமும் பேசலாம்னு ஆசையா வந்து நின்னேன். நீ என்கிட்ட என்ன சொன்னே தெரியுமா? மொர்தடெல்லாவைத் தடிமனா வெட்டச் சொன்னே."

எஜிதியோவுக்குக் காது மடல் சுட்டது. சுவரோடு நெற்றியை முட்டிக்கொண்டார். நிஜமாகவே வெட்கமாக இருந்தது. "நீ... நீ என்ன சொல்ல வந்தே நோர்மா?"

"டாக்டர்கிட்ட ஒரு வாரமா கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தேன். கல்யாண நாளுக்கு நீ ஆசைப்பட்ட லசானியாவைச் சாப்பிடலாம்னு. அதைச் சுவர் வழியா சொன்னா நீ எப்படித் துள்ளுவேன்னு பார்க்க நினைச்சேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீ திறந்துட்டே."

எஜிதியோவுக்கும் இதயம் இருக்கிறது. ஆனால் அதற்குக் கொஞ்சம் கீழே வயிறும் இருக்கிறது. வாயைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், குழைந்து குழைந்து கேட்டார்:

"நோர்மா... என் தங்கமே... நாள் இன்னும் முடியலையே. ராத்திரிச் சாப்பாடு பாக்கி இருக்கே?"

சுவர் கொஞ்சம் யோசித்தது.

"இருக்கு ராசா. ஆனா டாக்டர் அனுமதி குடுத்தது ஒரே ஒரு தட்டுக்கு. அதைத்தான் நான் சாப்பிட்டுட்டேனே."